திங்கட்கிழமை ஷிப்டில் விசுவாசத்துக்கு என்ன வேலை?

நீங்கள் அண்ணனூரிலோ திருமுல்லைவாயிலிலோ குடியிருக்கும் கிறிஸ்தவர் என்று வைத்துக்கொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறீர்கள்; அல்லது ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வெல்டர்; அல்லது பாடியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஆலயத்தில் இருக்கிறீர்கள். வாரத்தில் 48 மணி நேரம், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சேர்ந்தால் 60 மணி நேரம்கூட, வேலையில் இருக்கிறீர்கள்.

அந்த இரண்டு மணி நேரம் கடவுளுக்கு, மீதி வயிற்றுப்பாட்டுக்கு என்றுதான் பலர் மனதுக்குள் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவினையை வேதாகமம் ஏற்பதில்லை. ஏன் என்பதைச் சுருக்கமாகவும், ஷிப்டில் அதனால் என்ன மாறும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவும் பார்ப்போம். நீங்கள் கிறிஸ்தவர் இல்லையென்றாலும் படிக்கலாம். பக்கத்து மெஷினில் நிற்கும் நண்பர் சில விஷயங்களில் ஏன் தயங்குகிறார் என்பது புரியும்.

முதல் சந்தேகம்: வேலை என்பதே ஏதேன் தோட்டத்தில் கிடைத்த சாபம்தானே? ஆதியாகமத்தை வரிசையாகப் படித்தால் அப்படி வராது. தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பு மனிதனுக்கு 2ஆம் அதிகாரத்திலேயே தரப்படுகிறது. பாவமும் சாபமும் 3ஆம் அதிகாரத்தில்தான் வருகின்றன. சாபம் விழுந்தது மண்ணின் மேல். வியர்வையும் முள்ளும் அதனால் வந்தவை. வேலை அதற்கு முன்பே இருந்தது.

சரி, அப்படியே இருந்தாலும் ஊழியக்காரர் செய்வது உயர்ந்த வேலை, நான் செய்வது சாதாரண வேலை இல்லையா? சபைகளில் இந்த எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நல்ல ஐ.டி.ஐ. படிப்பு படித்த பையன்கூட, கடவுளுக்கு உண்மையாக இருக்க வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும் என்று குழம்புவதைப் பார்க்கிறோம். அவனுக்கு யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். கடவுள் ஒருவரைத் தம் ஆவியால் நிரப்பினார் என்று அங்கே சொல்லப்படுகிறவர் ஆசாரியரும் இல்லை, தீர்க்கதரிசியும் இல்லை. பெசலெயேல் என்ற கைவினைஞர். பொன், வெள்ளி, வெண்கலம், மரம், கல் என்று எல்லாவற்றிலும் வேலை தெரிந்தவர்.

இயேசு ஊழியத்தைத் தொடங்கியபோது ஏறக்குறைய முப்பது வயது என்கிறார் லூக்கா. அதுவரை நாசரேத்தில் தச்சு வேலை. பவுல் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். ஊசி பிடித்த நேரம் வயிற்றுக்கு, பிரசங்கித்த நேரம் கடவுளுக்கு என்று அவர் எங்கும் பிரித்து எழுதவில்லை. அடிமைகளாக வேலை செய்தவர்களிடமே, மனிதருக்காக என்று நினைக்காமல் ஆண்டவருக்காக என்று மனதாரச் செய்யச் சொன்னார் (கொலோசெயர் 3).

நம் பக்கத்தில் இதை யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். பழைய வீட்டுக் கூரைகளில் மங்களூர் ஓடு பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் ஒரு மிஷன் இருக்கிறது. சுவிட்சர்லாந்திலிருந்து பாசல் மிஷன் 1834இல் மங்களூருக்கு வந்தது. கிறிஸ்தவர்களானவர்கள் சாதியோடு சேர்த்துத் தொழிலையும் இழந்தார்கள். கள் இறக்கியவர்களால் அந்தத் தொழிலுக்குத் திரும்ப முடியவில்லை. அவர்களுக்கு ஜெபத்தோடு சம்பளமும் தேவைப்பட்டது. மிஷன் தறி போட்டது. 1865இல் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். பின்னர் அது மலபாரிலும் பரவியது.

தெற்கே நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திக்கொண்டே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம் அது. சில பெண்கள் பின்னிச் சம்பாதித்த பணத்தைக் கொடுத்தே தங்கள் விடுதலையை வாங்கினார்கள்.

இந்த வரலாற்றில் ஒரு குறையும் உண்டு, அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாசல் மிஷன் ஆலைகளில் பிரசங்கிக்கும் மிஷனே முதலாளியாகவும் இருந்தது. சம்பளமும் ஆலயமும் ஒரே கையில் இருக்கும்போது தொழிலாளி எதையும் மனம் திறந்து பேசுவது கடினம். முதலாளிகளைப் பற்றிச் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி உங்கள் ஷிப்டுக்கு வருவோம். விசுவாசம் முதலில் எங்கே தெரிய வேண்டும்? மெஷினில் ஒட்டிய வசன ஸ்டிக்கரில் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறோம். மெஷினிலிருந்து வெளியே வரும் பொருளில் தெரிய வேண்டும் என்பேன்.

அண்ணனூரில் மின்சார ரயில் பணிமனை இருக்கிறது. ஓடி முடித்த ரயில்களை அங்கே சோதித்து, பழுது பார்த்து, மறுபடி தடத்தில் விடுகிறார்கள். நீங்கள் ஏறும் பெட்டிக்கு அடியில் யாரோ ஒருவர் குனிந்து பிரேக்கைப் பார்த்திருக்கிறார். பார்க்காமலேயே பார்த்ததாகக் குறித்திருந்தால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. பார்த்திருப்பார் என்று நம்பித்தான் குழந்தையோடு ஏறுகிறீர்கள். அவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. ஆனாலும் நீங்கள் அவருடைய அயலார். அயலாரை நேசிப்பது பற்றி ஞாயிற்றுக்கிழமை கேட்டது, ஒரு போல்ட்டைச் சரியாக முறுக்குவதில் நிறைவேறுகிறது.

நடைமுறையில் இது சின்னச் சின்ன விஷயம்தான். ரீடிங்கை அந்தந்த நேரத்தில் அளந்து எழுதுவது. ஷிப்ட் முடியும்போது மனக்கணக்கில் நிரப்பாமலிருப்பது. ரிஜெக்ட் ஆன பீஸை நல்ல பெட்டிக்குள் போடாமலிருப்பது. டூல் தேய்ந்திருந்தால் அடுத்த ஷிப்ட்காரரிடம் சொல்லிவிட்டுப் போவது. மெஷினைத் துடைத்து ஒப்படைப்பது. கள்ளத்தராசைக் கடவுள் அருவருக்கிறார் என்று நீதிமொழிகள் சொல்வது எடைக்கல்லைப் பற்றி மட்டும் இல்லை. வெர்னியருக்கும் மைக்ரோமீட்டருக்கும் (துல்லியமாக அளக்கும் கருவிகள்) அது பொருந்தும்.

'நான் சரியாகத்தான் இருக்கிறேன், சூப்பர்வைசரே பொய் எழுதச் சொன்னால்?' இது உண்மையான சிக்கல். "வண்டி நிக்குதுப்பா, ஓகே போட்டு அனுப்பு" என்பார். வீட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ், இ.எம்.ஐ. எல்லாம் உங்கள் கண் முன்னால் வந்து நிற்கும்.

இங்கே தானியேலிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. சிங்கக் குகைக் கதையைவிட அவருடைய புத்தகத்தின் முதல் அதிகாரம் தொழிலாளிக்கு அதிகம் உதவும். அரண்மனைச் சாப்பாடு வேண்டாம் என்று முடிவு செய்தவர் சண்டை போடவில்லை. அதிகாரியின் பயத்தைப் புரிந்துகொண்டு, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று அவர் ஏற்கக்கூடிய ஒரு வழியைச் சொன்னார். நீங்களும் அப்படிச் செய்யலாம். முதலில் அளவைக் காட்டுங்கள். "சார், இந்த இருபது பீஸ்தான் ஓவர். ஒரு மணி நேரம் குடுத்தா திரும்ப ஓட்டிக் குடுத்துடறேன்" என்று கேளுங்கள். திருத்த முடியாத பீஸ் என்றால் டீவியேஷன் (அளவு விலகியதை வாடிக்கையாளரிடம் சொல்லி அனுமதி வாங்குவது) கேட்கலாமா என்று பாருங்கள். பெரும்பாலான சூப்பர்வைசர்களுக்கு வேண்டியது பொய் இல்லை, இந்த நெருக்கடியிலிருந்து ஒரு வழி. அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அதற்கும் சம்மதிக்காவிட்டால், உங்கள் கையெழுத்தைப் போடாதீர்கள். முடிவெடுத்தவரே கையெழுத்திடட்டும். பிரேக், ஸ்டியரிங், மின்காப்பு போன்ற உயிர் சம்பந்தப்பட்ட பாகமாக இருந்தால் மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவியுங்கள்.

இதனால் வேலை போகலாம். போகாது என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். அப்போது அந்தக் குடும்பத்தின் வாடகையை இரண்டு மூன்று மாதம் சபை ஏற்க வேண்டும். நேர்மையாக இரு என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்கிற சபைக்கு, அப்படி இருந்து வேலை இழந்தவரைத் தாங்கும் கடமையும் இருக்கிறது.

லஞ்சம்? யோவான் ஸ்நானனிடம் வரி வசூலிப்பவர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். வேலையை விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. விதிக்கப்பட்டதற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகர்களிடம் மிரட்டிப் பறிக்காமல் சம்பளத்தோடு திருப்தியாக இருக்கச் சொன்னார் (லூக்கா 3). பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவருக்கு இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. சப்ளையர் தந்த பொருளைப் பற்றி உங்கள் முதலாளியிடம் வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? முடிந்தால் அன்பளிப்பு. மறைக்கத் தோன்றினால் திருப்பிக் கொடுங்கள்.

வாங்குவதைப் பற்றிப் பார்த்தோம்; லஞ்சம் கொடுக்கும்படி கட்டாயப்படுத்தினால் என்ன செய்வது? அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம். முன்கூட்டியே போனால் இன்னும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் போட்டால்? பலருக்கு மனதை அறுக்கும் கேள்வி இது. முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வார விடுமுறையை ஞாயிறு என்றே வைத்தது. ஞாயிறு வேலை வாங்கினால் அதற்கு முந்தைய மூன்று நாளிலோ பிந்தைய மூன்று நாளிலோ ஒரு முழு நாள் விடுப்பு தர வேண்டும் என்றும் சொன்னது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்புச் சட்டத்திலும் வாரத்துக்கு ஆறு நாள் என்ற வரம்பும் ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்ற விதியும் இருக்கின்றன. ஆக, ஓய்வு நாள் உங்கள் உரிமை. அது ஞாயிறாகத்தான் இருக்கும் என்ற உத்தரவாதம் எல்லா இடத்திலும் இல்லை.

அப்படியானால் ஞாயிறு வேலை பாவமா? நர்ஸ், ரயில் ஓட்டுநர், மின்வாரிய ஊழியர் எல்லாரும் அன்று வேலையில் இருந்தால்தான் நீங்கள் ஆலயத்துக்கே போக முடிகிறது. ஓய்வு நாளைப் பற்றிய கட்டளையை உபாகமம் 5இல் படித்துப் பாருங்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் உங்களைப் போல இளைப்பாற வேண்டும் என்பதை அது காரணமாகவே சொல்கிறது. எகிப்தில் ஓய்வில்லாமல் உழைத்த அடிமைகளுக்குத் தரப்பட்ட கட்டளை அது. ஆகவே எந்தக் கிழமை என்பதோடு, வாரத்தில் ஒரு நாள் உடம்பும் மனசும் முழுமையாக ஓய்கிறதா என்றும் கேளுங்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போய்விட்டு, மற்ற எல்லா நாளும் ஓ.டி. பார்த்து, பிள்ளைகள் விழித்திருக்கும்போது முகம் காட்டாத அப்பாவாக இருந்தால் அந்தக் கட்டளை காக்கப்படவில்லை.

சுழற்சி ஷிப்ட்காரர்களுக்காக சனிக்கிழமை மாலையோ வாரநாள் ஒன்றிலோ ஓர் ஆராதனை வைக்கும்படி சபையைக் கேளுங்கள். தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் இது நியாயமான கோரிக்கை.

பண்டிகை நாட்களுக்கு நம் பகுதித் தொழிலாளர்கள் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். தீபாவளி, பொங்கல் ஷிப்டைக் கிறிஸ்தவர் பார்த்துக்கொள்வார். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஷிப்டை நண்பர் பார்த்துக்கொள்வார். இதை டிசம்பரில் பேசாதீர்கள். தீபாவளிக்கு முன்பே நீங்களாகப் போய், "அண்ணே, தீபாவளிக்கு நான் வர்றேன், நீங்க வீட்ல இருங்க" என்று சொல்லுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றின்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு வேறொரு நாள் விடுப்பு.

ஆயுத பூஜைக்கு வருவோம். அம்பத்தூரில் பட்டறையில் வேலை பார்க்கும் கிறிஸ்தவர் யாரும் தவிர்க்க முடியாத கேள்வி. மெஷினெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை படைத்து, தேங்காய் உடைத்து ஆரத்தி எடுக்கிறார்கள். நான் நிற்கலாமா? பொரி வாங்கலாமா?

சபைகள் இதில் ஒரே பதில் சொல்வதில்லை, நானும் உங்கள் மனசாட்சிக்குப் பதிலாக முடிவு சொல்ல மாட்டேன். படைத்த உணவைப் பற்றிப் பவுலும் ஒற்றை வரியில் முடிக்காமல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பல அதிகாரம் எழுதினார். சிலர் சாப்பிடலாம், சிலர் விலகலாம், ஒருவரையொருவர் இழிவாக நினைக்காதிருங்கள் என்ற திசையில்தான் ரோமர் 14 போகிறது. கூடவே நிற்கும் இன்னொரு கிறிஸ்தவர் உங்களைப் போல் செய்யாவிட்டால் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

பூஜையில் பங்கெடுப்பதில்லை என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், எப்படி விலகுகிறீர்கள் என்பது முக்கியம். அன்றைக்கு லீவு போட்டு ஓடிப்போவதும், கடைசி நிமிடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் நண்பர்களைக் காயப்படுத்தும். இரண்டு நாள் முன்பே பேசுங்கள். "பூஜை நேரத்துல நான் கொஞ்சம் ஒதுங்கி நிக்கிறேண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மெஷின் கழுவறது, தோரணம் கட்டறது, டீ வாங்கறது எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொன்னால் நம் ஊரில் கோபித்துக்கொள்கிறவர் அபூர்வம். மெஷினைக் கழுவி எண்ணெய் போடும் வேலையில் முதல் ஆளாக நில்லுங்கள். வாசலில் உடைத்த பூசணிக்காயைத் துடைப்பம் எடுத்து ஓரமாக ஒதுக்குங்கள். அதில் சறுக்கி விழும் பைக்காரர் யாரோ ஒருவருடைய பிள்ளை.

டிசம்பரில் நீங்கள் கொண்டுபோகும் கேக்கை அவர்கள் யோசிக்காமல் வாங்கிச் சாப்பிட்டு, கை குலுக்கி வாழ்த்துகிறார்கள். அந்தப் பெருந்தன்மையை நீங்கள் மதிக்கிறீர்கள் என்பது அக்டோபரில் உங்கள் முகத்தில் தெரியட்டும்.

வேலையிடத்தில் இயேசுவைப் பற்றிப் பேசலாமா? கேட்டால் சொல்லுங்கள். கேட்கிறவருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கும்படி பேதுரு சொல்கிறார்; அவர் சொல்வதில் கேள்வி முதலில் எதிரில் இருப்பவரிடமிருந்து வருகிறது. சம்பளம் வாங்கும் நேரத்தைத் துண்டுப்பிரசுரத்துக்குச் செலவிடுவது முதலாளியின் நேரத்தை எடுப்பது. ஷிப்ட் வாட்ஸாப் குரூப்பில் தினமும் வசனம் போடுவதும் எல்லாருக்கும் இதமாக இருக்காது.

நீங்கள் சூப்பர்வைசர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உங்கள் கீழ் வேலை செய்கிறவரின் இன்கிரிமென்ட் உங்கள் கையில் இருக்கிறது. ஜெபக் கூட்டத்துக்கு நீங்கள் அழைத்தால் அவரால் மறுக்க முடியாது. சொந்தப் பட்டறை வைத்திருப்பவர் காலை ஜெபம் நடத்தினால், வேலை தொடங்கும் நேரத்துக்கு முன்பே வைத்து, வராதவரை எதுவும் கேட்காமல் இருக்க வேண்டும்.

முதலாளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. தொழிற்பேட்டையில் பத்துப் பேர், இருபது பேர் வைத்துக் கம்பெனி நடத்தும் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். லேபர் காண்ட்ராக்ட் எடுப்பவர்களும் உண்டு. பலர் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) தவறாமல் கொடுக்கிறார்கள். அதற்குச் சபைகளில் மல்கியா 3ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனத்தை அடிக்கடி வாசிப்பார்கள். அதே அதிகாரத்தின் 5ஆம் வசனத்தையும் வாசியுங்கள். கூலிக்காரரின் கூலியைப் பறிப்பவர்களுக்கு எதிராகக் கடவுளே சாட்சியாக நிற்பதாக அது சொல்கிறது. பத்தாம் வசனத்துக்கு வருவதற்குள் ஐந்தாம் வசனத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அதன் பொருள் இன்று என்ன? இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்ட வேண்டும்; தொழிலாளியிடம் 12 சதவீதம் பிடித்தால் நிறுவனமும் தன் பங்கைச் செலுத்த வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்து சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு): தொழிலாளியிடம் 0.75 சதவீதம், நிறுவனத்திடம் 3.25 சதவீதம். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டு ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுப்பது காணிக்கை ஆகாது. ஆளைக் கணக்கில் குறைத்துக் காட்டித் தப்பிப்பதும் அப்படியே. சூரியன் மறைவதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் ஏழை அதை நம்பியே இருக்கிறான் என்கிறது உபாகமம் 24. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஷெட்டுக்குப் பக்கத்திலேயே தங்கி வேலை செய்யும் பிள்ளைகளை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். அந்நியனாக இருந்தாலும் கொடு என்றும் அங்கே இருக்கிறது.

தொழிலாளியாக இருக்கும் நீங்கள் பி.எஃப். பாஸ்புக்கை உங்கள் யு.ஏ.என். எண்ணை வைத்துச் செல்பேசியிலேயே அவ்வப்போது பாருங்கள். பணம் ஏறவில்லையென்றால் பி.எஃப். அலுவலகத்தில் கேட்கலாம். கேட்பதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

சங்கத்தில் சேரலாமா என்று கேட்பவர்களும் உண்டு. சேரலாம். பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5இல் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குரலோடு சேர்வது எப்படித் தவறாகும்? கத்தோலிக்கத் திருச்சபையில் பதின்மூன்றாம் லியோ (சிங்கராயர்) 1891இல் எழுதிய சுற்றுமடல் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை ஆதரித்தது. 1955இல் மே 1 தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில்தான் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நீங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளையோடு ஜெபிக்கும் அந்த நேரத்தை உங்களுக்கு மீட்டுக் கொடுத்தவர்களில் பல மதத்தவரும் மதமில்லாதவர்களும் இருக்கிறார்கள். நன்றியோடு அவர்களோடு நிற்கலாம். பொய்யும் வன்முறையும் வரும் இடத்தில் மட்டும் விலகிக்கொள்ளுங்கள்.

சம்பளமே இல்லாத வேலை செய்கிறவர்கள்? வீட்டில் சமைத்து, துவைத்து, மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு இந்தக் கட்டுரையில் என்ன இருக்கிறது? 17ஆம் நூற்றாண்டில் பாரீஸ் மடம் ஒன்றில் சமையற்கட்டில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் என்பவர், பாத்திரங்களின் நடுவிலும் ஆலயத்தில் இருப்பது போலவே கடவுளோடு இருக்க முடியும் என்பதைத் தன் வாழ்க்கையால் காட்டினார். ஆனால் இதைச் சொல்லி வீட்டு வேலை முழுவதையும் ஒருவர் தலையில் சுமத்திவிடக் கூடாது. ஓய்வு நாள் அவருக்கும் உண்டு. ஞாயிறு மட்டன் குழம்புக்காக ஆராதனையைப் பாதியில் விட்டு ஓடும் பெண்கள் எத்தனை பேர்! அந்த ஒரு நாள் கணவரும் பிள்ளைகளும் அடுப்படிக்குள் போகட்டும். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கும் வாரத்தில் ஒரு நாள் சம்பளம் பிடிக்காமல் விடுப்புக் கொடுங்கள்.

வேலை நடுவே ஜெபிப்பது எப்படி? நீளமாகத் தேவையில்லை. ரயிலில் வரும்போது அன்று சந்திக்கப்போகும் ஆட்களைப் பெயர் சொல்லி நினைக்கலாம். மெஷினை ஆன் செய்யும் முன் ஒரு வரி போதும். மெஷின் ஓடும்போது காதில் இயர்போன் வைத்துப் பிரசங்கம் கேட்காதீர்கள். பாட்டும் வேண்டாம். ஓடும் சக் (லேத்தில் பொருளைப் பிடித்துச் சுழலும் பகுதி) கவனம் தப்பினால் விரலைக் கேட்கும். அந்த நேரத்தில் கண்ணும் காதும் மெஷினில் இருப்பதே உங்கள் ஜெபம்.

இதையெல்லாம் ஒருவர் தனியாகச் செய்வது கடினம். சபை என்ன செய்யலாம்? நம் ஊர்ச் சபைகளில் அறுப்பின் பண்டிகை நடத்துகிறோம். அண்ணனூரில் நெல் அறுப்பவர் இல்லை. கோயம்பேட்டில் வாங்கிய பூசணிக்காயையும் வாழைத்தாரையும் கொண்டுவந்து ஏலம் விடுகிறோம். அந்த நாளில் அவரவர் கை வேலையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருவர் கடைந்த ஒரு புஷ், ஒருவர் தைத்த சட்டை, ஒருவர் எழுதிய கணக்குப் புத்தகம், ஒருவர் ஓட்டும் ஆட்டோவின் சாவி. அவற்றைப் பலிபீடத்துக்கு முன் வைத்து ஜெபித்துவிட்டு, திங்கட்கிழமைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஐயர் (சபைப் போதகர்) தன் பிரசங்கத்தில் ஷிப்ட் என்ற சொல்லை ஒருமுறை சொன்னாலே, பின் பெஞ்சில் கண் சொக்கியிருக்கும் இரவு ஷிப்ட்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொரு வழி சின்னக் குழு. பெல்ஜியத்துப் பாதிரியார் ஜோசப் கார்டைன் 1925இல் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் மூன்று படிகளைக் கற்றுக்கொடுத்தது: பார், எடைபோடு, செய். 1961இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானும் தன் சுற்றுமடலில் இந்த வழியைப் பரிந்துரைத்தார். எந்தச் சபையினரும் இதைப் பயன்படுத்தலாம். நான்கைந்து பேர் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுங்கள். ஒருவர் தன் வேலையில் உண்மையாக நடந்த ஒன்றைச் சொல்லட்டும். என்ன நடந்தது, யார் பாதிக்கப்பட்டார்கள் என்று மற்றவர்கள் கேட்கட்டும். அடுத்து, வேதாகமமும் சட்டமும் இதற்கு என்ன சொல்கின்றன என்று பாருங்கள். கடைசியாக, அடுத்த மாதத்துக்குள் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை முடிவு செய்யுங்கள்.

முதல் கூட்டத்துக்கு எதை எடுப்பது என்று தெரியவில்லையென்றால், ஆளுக்கொரு சம்பளச் சீட்டைக் கொண்டுவாருங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓ.டி. இரட்டையாக வந்திருக்கிறதா, பி.எஃப். பிடித்ததும் கணக்கில் ஏறியதும் ஒன்றா என்று ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுங்கள். குழுவில் பட்டறை முதலாளி ஒருவர் இருந்தால், அவர் தன்னிடம் வேலை பார்ப்பவர்களின் சீட்டைக் கொண்டுவரட்டும்.